யார் செய்த வினை?



ஒரு குழந்தை பெரிய நோயோடு பிறந்துவிட்டால், "என்ன வைத்தியம் பார்க்கிறீங்க?" என்று கேட்பதற்கு முன்பே, "யார் செஞ்ச பாவமோ?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காரணம் புரியாத துன்பத்தைப் பார்த்தால் மனசு தவிக்கும். ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டால் கொஞ்சம் அடங்கும். சொன்னவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்தச் சொல்லைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் தாயும் தகப்பனும் சுமக்க வேண்டும்.

என் மகள் இருதயக் கோளாறோடு பிறந்தவள். அதனால் இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தது. கடவுளை நம்பும் ஒரு தகப்பன் இதற்கு என்ன பதில் சொல்வது? நான் யோசித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மருத்துவம். ஏறத்தாழ 100 குழந்தைகளில் ஒன்று, சிறிதோ பெரிதோ ஏதோ ஓர் இருதயக் குறையோடு பிறக்கிறது. கரு உண்டான முதல் 8 வாரங்களுக்குள் இருதயத்தின் அமைப்பு உருவாகிவிடும். மரபணு, தாயின் நீரிழிவு, ருபெல்லா என்று சிலவற்றுக்குக் காரணம் சொல்லலாம். பலவற்றுக்குச் சொல்ல முடிவதில்லை. என் மகளுக்கு வந்தது 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோட்'. இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் குறுகல் என்று நான்கு கோளாறுகள் சேர்ந்திருக்கும். பிராணவாயு குறைந்த இரத்தம் உடம்புக்குள் ஓடும். அழுதால் உதடு நீலமாகிவிடும்.

"நாங்க என்ன தப்பு பண்ணினோம், டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். "உங்க தப்பு எதுவும் இல்லம்மா" என்றார் அவர். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த பிரசாதம் அந்த வார்த்தைதான்.

'டாக்டருக்கு உடம்பைப் பற்றித்தான் தெரியும், வினையைப் பற்றி என்ன தெரியும்?' என்று சிலர் கேட்கலாம். சரி, நம் சமயத்தையே கேட்போம்.

பெரியபுராணத்தில் கொல்லி மழவன் என்ற சிற்றரசன் வருகிறான். அவன் மகளுக்கு முயலகன் என்ற கொடிய நோய். எதைச் செய்தும் தீராமல், திருச்சிக்கு அருகில் உள்ள திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் சிவபெருமான் சந்நிதியில் மகளைக் கிடத்திவிடுகிறான். அங்கே வந்த திருஞானசம்பந்தர், "இவள் முற்பிறவியில் என்ன செய்தாள்?" என்று கேட்கவில்லை. தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. நேரே சிவனைப் பார்த்துக் கேட்கிறார்: இந்தப் பெண்ணை இப்படி வாட வைப்பது உமக்குப் பெருமையா? பாட்டுக்குப் பாட்டு இந்தக் கேள்விதான். அந்தப் பதிகத்தை நாம் இன்றும் முதல் திருமுறையில் வைத்து ஓதுகிறோம். ஆக, கடவுளைக் கேள்வி கேட்பதும் பக்திதான்.

அதே சம்பந்தர் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது உடன் வந்த அடியார்கள் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கத்தில், 'அந்த வினைக்கு இந்தத் துன்பம்' என்று சொல்லிக்கொண்டே, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பதைக் குறை என்கிறார். கையால் ஆகும் பணியைச் செய்து இறைவனைப் போற்றுவோம் என்கிறார். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் எப்படி வாழ்கிறேன் என்று என்னையே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி அது. அதைப் பிரம்பாக்கி, பால் குடிக்கும் பிள்ளையின் பெற்றோரை அடிக்கக் கூடாது.

அந்தக் 'கையால் ஆகும் பணி' என்னவென்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் வார்டில் இருந்த ஒரு மிஸ்ஸி. "பிள்ளை நீலமானா பதறாதீங்க. ரெண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோட சேர்த்துப் பிடிங்க. அப்புறம் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்க" என்றார். அப்படிப் பிடித்தால் நுரையீரலுக்குப் போகும் இரத்தம் கூடுமாம். வீட்டில் ஒரு ராத்திரி அது நடந்தது. வாய் 'முருகா, முருகா' என்றது. கை முழங்காலை மடக்கிப் பிடித்தது. இரண்டில் எது பக்தி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இந்த நோய்க்கு ஒரு காலத்தில் அறுவை சிகிச்சையே கிடையாது. 1944 நவம்பர் 29-இல், அமெரிக்காவின் பால்டிமோரில் ஆல்ஃபிரட் பிளாலாக் முதன்முதலாக ஒரு பெண் குழந்தைக்கு அதைச் செய்தார். யோசனை தந்தவர் ஹெலன் டாசிக், காது சரியாகக் கேட்காத பெண் மருத்துவர். செய்முறையை ஆய்வுக்கூடத்தில் பலமுறை செய்து தேர்ந்தவர் விவியன் தாமஸ், மருத்துவக் கல்லூரிக்குப் போக வழியில்லாமல் போன கறுப்பினத்தவர். அன்று அவர் பிளாலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னார். அந்தக் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தாள். ஆனால் அவள் திறந்த வழியில்தான் என் மகள் வரை எத்தனையோ பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அருள் இப்படி மனிதர் கை வழியாகவும் வரும்.

இனி வேண்டுதல். பத்துமலையின் 272 படிகளையும் பால்குடம் ஏந்தி ஏறுவதாக நானும் வேண்டிக்கொண்டேன். என் மகள் பிழைத்தாள். அடுத்த கட்டிலில் இருந்த குழந்தையின் அப்பாவும் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார். அவர் குழந்தை வீடு திரும்பவில்லை. அவர் வேண்டுதலில் என்ன குறை? என் பால்குடம் முருகனுக்குப் பிடித்தது, அவர் காவடி பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? அப்படித் தராசு வைத்திருக்கும் கடவுளை என்னால் கும்பிடவும் முடியாது.

அந்த அண்ணன் இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறார். "எப்படிண்ணே முடியுது?" என்று ஒருநாள் கேட்டேன். "வேற யாருகிட்ட போய் அழறது, தம்பி?" என்றார். மகளைச் சந்நிதியில் கிடத்திய மழவனின் மனசும் இதுதானே! நம்பிக்கை என்பது, கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கிடைக்காதபோதும் போய் நின்று அழுவதற்கு ஓர் இடம் உண்டு என்ற உறுதி. இதை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் பால்குடம் ஏந்தியது நன்றிக்காக. அவர் பிள்ளையையும் நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

என் மகளுக்கு இன்றும் ஒரு வால்வில் கசிவு உண்டு. பரிசோதனைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறோம். நாளை என்ன என்று தெரியாது. 'ஏன்' என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலும் விளக்கேற்றலாம் என்று தெரிந்துகொண்டேன்.

இளைஞர்களே, உங்கள் நண்பருக்கோ அக்காவுக்கோ இப்படி ஒரு நாள் வரலாம். அப்போது வினையைப் பேசாதீர்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். நம் கிளை நடத்தும் இரத்த தான முகாமில் முதல் ஆளாகப் படுங்கள். இருதய அறுவைக்கு இரத்தம் தேவைப்படும். எதுவும் முடியாவிட்டால் வார்டுக்கு வெளியே அந்த அப்பாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவும் கையால் ஆகும் பணிதான்.