வேலை கொடுப்பவர் யார்?

மோட்டார் உறுப்புகள் செய்யும் கம்பனி ஒன்று தன் தொழிற்சாலையை விரிவாக்கிப் புதிதாக ஆட்களைச் சேர்க்கின்றது என்றால், அச்செய்தி பெரும்பாலும் ஒரு தர்மகாரியத்தின் தொனியிலேயே வெளிவருகின்றது: 'இத்தனை பேருக்கு வேலை கொடுக்கின்றது!' நாமும் அப்படியே வாசித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம். ஆனால், கொடுப்பவன் யார்? வாங்குபவன் யார்? 1883இல் 'மூலதனம்' நூலின் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஏங்கல்ஸ், உழைப்பைப் பெறுகின்றவனை 'உழைப்புக் கொடுப்போன்' என்றும், அதைத் தருகின்றவனை 'எடுப்போன்' என்றும் அழைக்கும் ஜெர்மன் வழக்கைப் பரிகசித்தார். நம் தமிழும் இவ்விஷயத்தில் ஜெர்மனுக்குச் சளைத்ததன்று.

இது வெறுஞ் சொற்சண்டையா? ஹென்றி போர்ட்டின் தொழிற்சாலையைப் பார்ப்போம். 1913இல், டெட்ரொயிற்றை அடுத்த ஹைலண்ட் பார்க்கில், எஞ்சினுக்கு மின்பொறி தரும் மக்னீற்றோ என்னும் உறுப்பு நகரும் தொடரில் வைத்துப் பூட்டப்படலாயிற்று. ஒரு தொழிலாளி தனியே 20 நிமிடத்தில் செய்துமுடித்ததை 29 பேர் பங்கிட்டனர். செலவான உழைப்பு 13 நிமிடமளவாகக் குறைந்தது. நாள் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்குவதே ஒருவனின் தொழிலாயிற்று. மனிதர் தாங்கவில்லை. ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்ட தொழிற்சாலையை நடத்த, அவ்வாண்டில் 50,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது! 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'நாளுக்கு 5 டொலர், 8 மணி நேர வேலை' என்பது இந்த ஓட்டத்துக்கு இடப்பட்ட வேலி.

அந்த 5 டொலரை நாம் இகழ மாட்டோம். முந்திய சம்பளத்தின் ஏறக்குறைய இரட்டிப்பு அது. வயிறு நிறைந்தவன் அதை ஏளனஞ் செய்வது அழகன்று. ஆனால், அதில் ஏறத்தாழப் பாதி 'இலாபப் பங்கு' என்றே எழுதப்பட்டது. அதற்குத் தகுதியுண்டா என்றறியக் கம்பனியின் 'சமூகவியற் பகுதி'யினர் வீடு தேடி வந்தனர். குடிக்கின்றானா, வீடு துப்புரவாக உள்ளதா, பணம் மிச்சம் பிடிக்கின்றானா என விசாரித்தனர். சந்தையில் அரிசி வாங்கியவன், விற்றவனின் அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதில்லை. பிச்சையிட்டவனே பார்ப்பான். உழைப்பை வாங்கியவன் கொடையாளியாக வேடம் பூண்டதனாலேயே அந்தக் கதவு அவனுக்குத் திறந்தது.

தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. அறிவிப்பைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் உறைபனிக் குளிரில் வாயிலில் வந்து குவிந்தனர். ஜனவரி 12ஆந் திகதி நெரிசல் மிகுந்தபோது, தீயணைக்கும் குழாய்களால் அவர்கள்மீது தண்ணீர் பீச்சப்பட்டது. விற்பதற்குக் கொண்டுவந்த உழைப்போடு, நனைந்த உடை மேனியிலேயே விறைக்க, அவர்கள் கலைந்து போயினர்.