கலைப்பது எளிது

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைக் கலைத்துவிட்டு, இளைஞர்களை வைத்துப் புதிதாகக் கட்டலாமா? அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடையே ஓயாத வாதம் இது.

சிகாகோ கப்ஸ் அணி அப்படித்தான் செய்தது. 2012இல் 162 ஆட்டங்களில் 101 தோல்வி. 2013இல் அணி தேர்ந்தெடுத்த இளைஞர் கிரிஸ் பிரையன்ட், 2016இல் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசிப் பந்தைக் குனிந்து எடுத்து, சிரித்த முகத்தோடு முதல் தளத்துக்கு எறிந்தார். 108 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம்!

அதே ஊரின் ஒயிட் சாக்ஸ் அணியும் அதே வழியில் போனது. 2024இல் அதற்கு 121 தோல்விகள்.

மூத்தவர்களை அனுப்பிவைப்பது ஒருநாள் வேலை. இளையவர்களை ஆளாக்குவது ஆண்டுக்கணக்கான உழைப்பு. எதையும் கலைக்கும் முன், வளர்த்தெடுக்கும் பொறுமை இருக்கிறதா என்று நம்மைக் கேட்டுக்கொள்வோம்.