பசியும் பரிசும்

இல்லறத்தார் நாய் வளர்க்கலாமா, கூடாதா என்னும் வினாவை ஆராய இக்கட்டுரையை எழுதவில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு மழையே விடை கூறிவிட்டது. சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் தெருவோரத்துக் கால்வாயில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை என் பேரன் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தான். மணி என்று பெயரிட்டோம். அன்று முதல் அது எங்கள் வீட்டில் ஓர் உயிர். நான் கேட்க விரும்புவது அதனினும் சிறிய வினா. ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்தால் அதன் வாயில் இடுகிறோமே ஒரு சிறு துண்டுத் தின்பண்டம், அது என்னவாக இருக்கலாம், எந்த முறையில் கொடுக்கலாம் என்பதே அது. பட்டாணி அளவுள்ள ஒரு துண்டில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

முதல் மறுப்பு எங்கள் சம்பந்தியிடமிருந்து வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அவர், பேரன் மணிக்குப் பயிற்சி அளிப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சம்பந்தியம்மா, ஒவ்வொன்றுக்கும் தின்னக் கொடுத்துப் பழக்கினால் அது கைக்கூலி ஆகாதா? எங்கள் தோட்டத்து நாய்க்கு ஒரு குச்சியைக் காட்டினால் போதும்” என்றார்.

அவர் கூற்றின் பின்பகுதிக்கு விடை சொல்வது எளிது. சீவக சிந்தாமணியில் அந்தணர் சமைத்து வைத்த உணவைத் தீண்டிய நாய் அடியுண்டு உயிர்விடும் நிலையில் கிடந்ததையும், சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதியதையும், அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து அவனுக்கு நன்றி பாராட்டியதையும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். நாயின் மீது ஓங்கிய கோலை நாம் எப்பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பது அக்கதையிலேயே இருக்கிறது. முன்பகுதிக்கு விடை காண்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

கூலி வேறு, கைக்கூலி வேறு. செய்த பணிக்குப் பின்னர்ப் பெறுவது கூலி. செய்ய வேண்டியதைச் செய்விப்பதற்கு முன்கூட்டியே காட்டுவது கைக்கூலி. நாய்ப் பயிற்சியிலும் இவ்வேறுபாடு அப்படியே பொருந்துவதைக் கண்டு வியந்தேன். துண்டைக் கையில் உயர்த்திக் காட்டி ‘வா, வா’ என்று கெஞ்சினால், நாய் கற்பது நம் சொல்லை அன்று, கையில் துண்டு உண்டா என்று பார்ப்பதையே. துண்டு இல்லாத நாளில் அது திரும்பியும் பாராது. புதிய செயல் ஒன்றைத் தொடக்கத்தில் கற்பிக்கையில் மூக்கின் முன் துண்டை நகர்த்தி வழிகாட்டலாம்; சில தடவைகளில் அதனை நிறுத்திவிட்டு வெறுங்கையால் சைகை காட்ட வேண்டும். அதன் பின் துண்டு சட்டைப் பையிலோ முதுகுப்புறத்திலோ மறைந்திருக்க வேண்டும். நாய் உட்கார்ந்த அந்தக் கணத்தில் ‘சபாஷ்’ போன்ற ஒரே சொல்லைக் கூறி, ஓரிரு வினாடிக்குள் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அதற்குள் அது எழுந்து நின்றிருக்கும். எழுந்ததற்கே பரிசு என்று பொருள் கொள்ளும். வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளையை அடுத்த வாரம் பாராட்டினால் என்ன பயன்?

பரிசு கெடுக்கும் என்ற அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் சிலருக்கு ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்னரே வாக்களித்தனர். பின்னர் அக்குழந்தைகள் தாமாக வரையும் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஆனால் ‘உட்கார்’ என்றதும் உட்காருவது நாய்க்குத் தானாக இனிக்கும் கலை அன்று. அது நமக்காகச் செய்கின்ற வேலை. வேலைக்குக் கூலி தருவதில் தவறில்லை என்று சம்பந்தியிடம் கூறினேன். அவர் தலையசைத்தார்; ஒப்புக்கொண்டாரா என்பது வேறு.

அடுத்து, அந்தத் துண்டு எது என்பது. பேரன் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். உலர்த்திய கோழி இறைச்சி. மருமகள் அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று கூறிவிட்டாள். பேரன் விடவில்லை. “பாட்டி, நாய்க்கு விரதம் ஏது? அது இயற்கையாகவே இறைச்சி தின்னும் பிராணிதானே?” என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. மணி அணுவிரதம் ஏற்றதில்லை. அதன்மேல் நம் நோன்பைச் சுமத்துவதும் ஒருவகை வன்முறையே. ஆயினும் பொட்டலத்தை மணி வாங்கவில்லை, நாம் வாங்குகிறோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் கடையில் நீட்டும் பணம் எதில் சேரும் என்று அவனையே யோசிக்கச் சொன்னேன்.

அவன் வாதத்துக்கு இன்னொரு விடையும் உண்டு. அது நூலிலிருந்து வருவதன்று, நாயின் குடலிலிருந்து வருவது. 2013ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கச் செய்யும் நொதிக்குரிய மரபணு நாய்களிடம் பன்மடங்காகப் பெருகியிருப்பதை அது காட்டியது. மனிதருடன் வாழ்ந்து அவர்தம் சோற்றையும் ரொட்டியையும் தின்று நாய் அனைத்துண்ணியாக மாறியிருக்கிறது. பூனைக்கு இவ்வாதம் பொருந்தாது. நாயின் முழு உணவையும் புலாலின்றி அமைப்பதற்குக் கால்நடை மருத்துவரின் வழிகாட்டல் வேண்டும். தயிர்ச்சோறு மட்டுமே போட்டு வளர்ப்பது அறமாகாது. மணிக்கும் மருத்துவர் சொற்படியே தாவரவகை உலர் தீவனம் முறைப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் பரிசுத் துண்டின் நிலை வேறு. ஒரு நாளைய உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருத்தலாகாது என்பதே மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அளவு. அந்தச் சிறு பங்கில் இறைச்சி இருந்தே தீர வேண்டும் என்று உடல்நலத்தின் பெயரால் எவரும் வாதிட முடியாது. எஞ்சுவது சுவை ஒன்றே. பேரன் பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து வந்தான்.

பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். ‘பிஸ்கட்’ என்று பெயர் இருந்தாலும் எலும்புத்தூளோ, ஜெலட்டினோ, தேனோ கலந்திருக்கக்கூடும். மெல்லுவதற்கென்று விற்கப்படும் வெள்ளை நிற எலும்பு வடிவப் பொருள் பெரும்பாலும் மாட்டுத்தோலே. அறியாமல் வாங்கியவர் பலர்.

நம் வீட்டுச் சமையலறையிலேயே வேண்டியது இருக்கிறது. வெள்ளரித் துண்டு, வேகவைத்த பரங்கி, விதையும் நடுப்பகுதியும் நீக்கிய ஆப்பிள், உப்பிடாத பனீர் துணுக்கு ஆகியவற்றை மணி விரும்பித் தின்கிறது. பரங்கிக்கு வாலை ஆட்டும். பனீருக்கு உடல் முழுவதையும் ஆட்டும். ஆகவே எளிய செயலுக்குப் பரங்கியும், தெருவில் ஆட்டோ ஒலிகளுக்கு நடுவே அழைத்தவுடன் ஓடி வருவது போன்ற கடினமான செயலுக்குப் பனீரும் என்று வைத்துக்கொண்டோம். மேனாட்டு நூல்கள் காரட்டைப் பரிந்துரைக்கின்றன. கிழங்கு விலக்கும் நம் வீடுகளில் அதன் குறை தெரியவில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், அவற்றைச் சமைக்காத வீடுகளில் அந்த ஒரு கவலையும் இல்லை.

ஆனால் நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பொங்கலிலும் பாயசத்திலும் இடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கவல்லது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினர். அவ்வமிலம் புளியில் மிகுதி. ஆதலால் சாம்பார் சோற்றையும் புளியோதரையையும் அன்பின் மிகுதியால் ஊட்டிவிடாதீர்கள். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்ந்த சர்க்கரையில்லா மிட்டாயும் நாய்க்கு நஞ்சு.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்திய பின்னர்தான் பெரிய தவறு நிகழ்ந்தது. அதற்கு நானும் உடன்பட்டேன்.

பயிற்சியாளர் ஒருவர் பேரனிடம், “காலை உணவு போடாமல் பயிற்சிக்குக் கொண்டுவா, பசித்த நாய்தான் சீக்கிரம் கற்கும்” என்று கூறினார். அவ்வாறே செய்தான். இரண்டே நாளில் மணி ‘உட்கார்’ கற்றது. நானும் மகிழ்ந்து பாராட்டினேன். நான்காம் நாள் காலை, நான் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கையில் மணி வந்து என் முன் உட்கார்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, சற்றுத் தள்ளிப் போய் மீண்டும் உட்கார்ந்தது. மருமகள் முன் உட்கார்ந்தது. பால்காரர் முன் உட்கார்ந்தது. இறுதியில் நான் சுவரில் சாய்த்து வைத்த துடைப்பத்தின் முன் உட்கார்ந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கொல்லாமை அணுவிரதத்துக்குரிய அதிசாரங்கள் ஐந்து கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நாயின் காதையும் வாலையும் அழகுக்காக வெட்டும் வழக்கத்தைக் கேள்விப்படும்போதெல்லாம் மூன்றாவதை நினைத்து முகம் சுளித்திருக்கிறேன். அடித்தலைத் தவிர்த்தோம் என்று சம்பந்தியிடம் பெருமையும் பேசினேன். ஐந்தாவது என் வீட்டுத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தோன்றவில்லை. பசியை நாமே உண்டாக்கிவிட்டுப் பின் அதற்குத் துண்டு கொடுத்து வேலை வாங்கினால், அதைக் கூலி என்று எவ்வாறு சொல்வது?

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்த உளவியல் முழுவதும் இந்தப் பசியின் மேல் எழுந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வில் கூண்டினுள் இருந்தவை பசித்த பூனைகள்; மீன் கூண்டுக்கு வெளியே. ஸ்கின்னர் தம் புறாக்களை அவற்றின் இயல்பான எடையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு இளைக்க வைத்தே பயிற்றினார். பாவ்லாவின் நாயையும் மணியோசையையும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். உமிழ்நீரை அளப்பதற்காக அந்நாய்களின் கன்னத்தில் துளையிடப்பட்டதையோ, அவர் 1904இல் நோபல் பரிசு பெற்ற செரிமான ஆய்வில் சில நாய்களின் உணவுக்குழல் அறுக்கப்பட்டு விழுங்கிய உணவு கழுத்து வழியே வெளியே விழுந்ததையோ எங்கள் வகுப்பில் எவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் நாய்க்கும் ‘மணி’ என்றே பெயர் வைத்தோமே என்று அன்று சற்று வருந்தினேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். 1970களின் நடுவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றினேன். ஆறாம் வகுப்பில் ஒரு பையன். வாய்ப்பாடு ஏறவே ஏறாது. ஒருநாள், “பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போ” என்றேன். மதிய உணவுக் கூடத்திலிருந்து சோற்றின் மணம் வகுப்புவரை வந்துகொண்டிருந்தது. அவன் தடுமாறித் தடுமாறி முடித்தபோது பாத்திரங்களைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் ஒரு வாரம் அதே முறையைக் கையாண்டேன். பதினாறு வரை கற்றுக்கொண்டான். ஆசிரியர் அறையில் இதனைச் சொல்லிப் பாராட்டும் பெற்றேன். அவன் தாய் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். என்னைக் குறை கூறவில்லை. “டீச்சரம்மா, காலையில் வீட்டில் ஒன்றும் இருக்காதுங்க. இங்கே போடுவதுதான் அவனுக்கு முதல் சாப்பாடு” என்று மட்டும் சொன்னார்.

நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. அதனால் என்னை நல்லாசிரியை என்றே எண்ணியிருந்தேன். அந்தப் பையன் பின்னர் எங்குச் சென்றான் என்று அறியேன்; இப்போது அவனுக்கு 60 வயது கடந்திருக்கும். துடைப்பத்தின் முன் உட்கார்ந்திருந்த மணியைப் பார்த்தபோது அவன் நின்ற நிலைதான் என் கண்முன் வந்தது.

அன்றே முறையை மாற்றினோம். காலையில் மணிக்குரிய தீவனத்தில் பெரும்பகுதியை முதலில் தட்டில் வைத்துவிடுகிறோம். அது தின்று, நீர் குடித்து, ஒரு மணி நேரம் படுத்து எழுந்த பின்னரே பயிற்சி. பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. எடுத்து வைத்த சிறுபகுதியும் சில பனீர் துணுக்குகளும் பேரனின் சட்டைப் பைக்குச் செல்கின்றன. அன்று மணி ஒன்றுமே கற்கவில்லையென்றாலும் பையில் எஞ்சியது மாலையில் பொழுது சாய்வதற்குள் தட்டுக்கு வந்துவிடும். அது மணிக்குரியது, தேர்ச்சி பெற்றால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனை அதற்கில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒரு செயலைக் கற்ற பின்னர் ஒவ்வொரு தடவையும் துண்டு தராமல், எப்போது வரும் என்று நாய் அறியாதபடி விட்டுவிட்டுக் கொடுத்தால் பழக்கம் உறுதிப்படும் என்று நூல்கள் கூறுகின்றன. உண்மைதான், பேரன் செய்து காட்டினான். ஆனால் அடுத்த காய் விழும் என்று காத்திருக்கும் சூதாடியின் மனநிலையும் அதுவே அல்லவா? சூதை விலக்கிய வீட்டில் நாயைச் சூதாடியாக்கலாமா என்று கேட்டேன். பேரன் சிரித்தான். துண்டு இல்லாத தடவைகளில் கழுத்தைத் தடவிக்கொடுத்து ‘சபாஷ்’ என்றாவது சொல்வது என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். மணி அதனை ஏற்றுக்கொண்டதாகவே தெரிகிறது.

‘வா’ என்றால் வருவதற்கு வயிறு நிறைந்த மணி மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டது. பயிற்சியாளர் இதைக் கேட்டு வருத்தப்பட்டாராம். இப்போது தெருமுனையிலிருந்து அழைத்தாலும் ஓடி வருகிறது. துடைப்பத்தின் முன் உட்காருவதை மட்டும் இன்னும் முழுவதும் விடவில்லை. பெருக்கி முடித்ததும் நான் அதை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன்.