ஆள் குறைகிறது, வா

இன்றைய மலேசியாவின் பேரா மாநிலத்தில், கோலகங்சாரில் 1905இல் மலாய்க் கல்லூரி தொடங்கியபோது, ஆங்கிலேயர் தங்கள் நாட்டு விடுதிப் பள்ளிகளின் அச்சை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். சட்டாம்பிள்ளை முறை, மணியடித்தால் சாப்பாடு, மாலையில் திடல். நாளை அதிகாரம் செய்யப்போகிற பையன் இன்று பந்தோடு ஓடி விழுந்து எழ வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

பேராவின் ரப்பர் தோட்டங்களில் அன்று பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டு அட்டவணையும் இல்லை. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பேரில் திறந்த தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். ஆனாலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. சடுகுடு, பந்து, மழை வந்தால் சேறு. வாசலில் உட்கார்ந்த பாட்டிகளின் கண்ணுக்குத் தப்பி ஒரு பிள்ளை சோர்ந்துகிடக்க முடியாது. வறுமையை நான் அழகுபடுத்தவில்லை. பிள்ளையைக் கவனிக்க ஆள் இருந்ததைச் சொல்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புத் திட்டங்களாயின, குடும்பங்கள் ஈப்போ நகரின் ஓரங்களுக்கு நகர்ந்தன. அந்தத் திடல்களும் போயின.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் பதின்மூன்று வயதில் விடுதிக்குப் போகிறார்கள். அங்கே எல்லாமே வரிசைதான்: தேர்வில் எத்தனையாவது, படுக்கை மடிப்பில் எத்தனை புள்ளி, மூத்தவனா இளையவனா. ஓடிக் களைத்தால் பசிக்கும், தூக்கம் வரும் என்பது உண்மை. வீட்டு ஏக்கத்துக்கு அதுவே பாதி மருந்து. மீதிப் பாதி இன்னொரு மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

திடல் என்றதும் பள்ளிகளுக்கு நினைவு வருவது வெற்றி வீரர்கள்தான். கோலகங்சாரில் 1943இல் பிறந்த ஓட்டவீரர் மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. பிறகு மருத்துவராகவும் உயர்ந்தார். அவர் படம் பள்ளிச் சுவரில் இருக்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் பள்ளிகள் அதற்குமேல் ஒன்றைச் செய்துவிட்டன: திடலையே தேர்ந்தெடுத்த அணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விளையாட்டு என்ற கொள்கை 2011இல் வந்தது. நல்ல கொள்கை. பல இடங்களில் அது புறப்பாடப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. பல்கலைக்கழக நுழைவில் அதற்குப் பத்து விழுக்காடு. அணிக்குப் பயிற்றுநர், காலணி. மற்றவனுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து.

மெதுவாக ஓடுகிறவனுக்கு, பருத்தவனுக்கு, நேற்று வந்து இன்னும் பெயர் தெரியாதவனுக்குத்தான் திடல் அதிகம் தேவை. பாசத்தைப் பாடமாக நடத்த எந்த ஆசிரியராலும் முடியாது. பத்துப் பேர் மட்டும் நிற்கிற அணிக்கோ பதினோராவது ஆள் உண்மையாகவே வேண்டும். மூத்தவன் கூப்பிடுகிறான்: "டேய் தம்பி, ஆள் குறையுது, வா." அது இரக்கத்தில் வந்த அழைப்பில்லை என்று பையனுக்கே தெரியும். அவன் இல்லாவிட்டால் ஆட்டம் நடக்காது. கோல்முனையில் தனியாக நிற்கிற அவனுக்கு மூத்தவன் பந்தைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

இதே திடலில் கொடுமையும் நடக்கும். தோற்றவனை மிரட்டுவதும், ஓட முடியாதவனைப் பட்டப்பெயர் சொல்லிச் சிரிப்பதும் பெரியவர் இல்லாத இடத்தில் வேகமாக வளரும். அதனால் ஐந்து மணிக்கு விடுதிக் காப்பாளர் அறையை விட்டு வெளியே வர வேண்டும். ஊதல்கூட வேண்டாம். யாரும் ஓரத்தில் மிச்சமில்லாதபடி அணியைப் பிரித்துவிட்டு, முடியும் வரை நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு தவறவிட்ட கோலாவது இருக்கும்.