வலியும் நிரூபணமும்

இடுப்புவலிக்காரனை யாரும் முழுசாக நம்புவதில்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி; எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு. இடுப்பில் தொடங்கிப் பின்தொடை, கெண்டைக்கால் வழியே பாதம்வரை சுரீரென்று இழுக்கும் சயாட்டிகாவுக்குப் பெரும்பாலும் அனுபவிப்பவனின் பேச்சுதான் சாட்சி. இரண்டு ஆண்டுகளாக இந்த வலியோடு வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: சரியான நோய்நிர்ணயம் வேண்டும் என்று நாங்கள் அலைவதில் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, குணமாக வேண்டும். மற்றது, பிறர் நம்ப வேண்டும். முன்னது மருத்துவப் பிரச்னை, பின்னது அறப் பிரச்னை. இரண்டுக்கும் ஒரே படத்திடம் பதில் கேட்பதில்தான் குழப்பம்.

1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் சயாட்டிகா வரக்கூடும் என்று காட்டினார்கள். வலிக்கு ஸ்தூலமான உருவம் கிடைத்தது. எம்.ஆர்.ஐ. வந்தபின் அதைக் கத்தியில்லாமலே பார்க்க முடிந்தது. ஆனால் 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து வெளியிட்ட ஆய்வில், 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. வங்கியில் காசோலைக் கையெழுத்தைத் திரையிலுள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே கையெழுத்து என்றால் அதை நம்பி யாருக்கும் பணம் தர முடியாது.

படம் வேண்டாம் என்பதல்ல. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் வலுவிழந்தால் உடனே எடுத்தாக வேண்டும். மற்றபடி பேச்சுக்குப் பிறகே படம். வலி பெருவிரல் பக்கம் ஓடுகிறதா, சுண்டுவிரல் பக்கமா என்று கேட்டாலே எந்த நரம்பு வேர் என்பது ஓரளவு பிடிபடும். குடைச்சல், கடுப்பு, இழுப்பு, மதமதப்பு என்று தமிழில் பிரித்து வைத்திருப்பது வெறும் சொல்வளமில்லை. உடம்பு கண்ட பாகுபாடு. பத்துக்கு எத்தனை என்று கேட்கிற அளவுகோலில் அது காணாமல் போகிறது.

நான் பார்த்த நிபுணர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்கு இவ்வளவு வலிக்கக் கூடாதே" என்றார். இன்னொருவர் அரைமணி நேரம் கேள்விகள் கேட்டார்; காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தார்; "பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும், உங்களுக்கு ஏன் தணியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். நடையும் பயிற்சியும் எழுதித் தந்தார். வலி போகவில்லை. ஆனாலும் எனக்கு வைத்தியம் செய்தவர் இவர்தான்.

'வலிக்கிறது' என்பது வலியைப் பற்றிய அறிக்கையல்ல, அழுகையின் இடத்தில் வந்த சொல் என்று கருதினார் விட்கென்ஸ்டைன். அழுகையை யாரும் சரிபார்ப்பதில்லை, திரும்பிப் பார்க்கிறோம். பொய் சொல்லி விடுப்பு எடுப்பவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அவர்களை நம்பினால் நஷ்டம் நாலு நாள் விடுப்பு. மெய்யான வலிக்காரனை நம்பாவிட்டால் அவன் நிரூபணத்துக்காகவே அறுவைக்கும் சம்மதிப்பான். அறுவை சிலருக்கு அவசியம். அது சான்றிதழ் ஆகக் கூடாது. காரணம் தெரிந்தபின் நம்பலாம் என்று காத்திருந்தால் பலர் விஷயத்தில் அந்த நாள் வராமலே போகும். நம்பிக் கேட்கத் தொடங்கினால் காரணம் தெரியவும் வழியுண்டு.