பார்த்து நின்றவர் பங்கு

அடித்தவன் ஒருவன், அடிபட்டவன் ஒருவன். சுற்றி நின்ற இருபது பேர் யார்? "நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஐயா!" என்பர். ஒன்றும் செய்யாமை குற்றமற்ற நிலையா, அதுவும் ஒரு செயலா?

1996-இல், பின்லாந்து நாட்டு ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 573 பேரிடையே இதை அளந்தனர். ஒருவரைப் பலர் வதைக்கும்போது யார் என்ன செய்கிறார் என்பதைத் தன்னைப் பற்றியும் வகுப்பினரைப் பற்றியும் ஒவ்வொரு பிள்ளையும் மதிப்பிட்டது. அடிப்போருக்குத் துணை நின்றோரும், சிரித்து ஊக்கியோரும் ஏறத்தாழ நூற்றுக்கு 26 பேர். ஒதுங்கியோர் 24 பேர். காக்க வந்தோர் 17 பேரே! தம் பங்கைத் தாமே கூறும்போதோ, கொடுமையில் தமக்கிருந்த பங்கைக் குறைத்தே கூறினர்.

பின்லாந்துக்கு ஏன் போக வேண்டும்? நம் சேலம், நாமக்கல் பக்கத்தில், லாரிப் பட்டறைத் தொழிலாளியின் மகனது சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால் போதும், பட்டப்பெயர் பிறந்துவிடும். சூட்டியவன் ஒருவன்தான், அதை வாழவைப்பது வகுப்பின் சிரிப்பன்றோ! சிரிப்பாரில்லையேல் அப்பெயர் அன்று மாலையே மாண்டிருக்கும்.

பட்டப்பெயர் சிறிது என்பீர். தெற்கே நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், பள்ளியில் தொல்லைக்கு ஆளாகி அதை ஆசிரியரிடம் முறையிட்ட ஒடுக்கப்பட்ட மாணவனை, உடன்பயின்றோரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் பாய்ந்தவள் அவன் தங்கை, அவளும் வெட்டுண்டாள். அரிவாள் வருமுன் எத்தனை நாள், எத்தனை கண்கள் பார்த்திருக்கும்? அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கூடாது என்றது. நன்று. கயிற்றை அறுக்கலாம், கண்டும் பேசாத நாவை என் செய்வது?

வழி உண்டு. டொராண்டோ பள்ளித் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர். உடன் நின்ற பிள்ளை குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே நொடியில் கொடுமை நின்றது!

ஆயினும் இவ்வளவுகோல் பிரம்பாகிவிடக் கூடாது. ஒதுங்கி நிற்கும் பிள்ளையைப் பிணிப்பது பெரும்பாலும் வன்மமன்று, "அடுத்தது நானோ?" என்ற அச்சம். ஆகவே பெயர்ப் பட்டியல் தலைமையாசிரியர் மேசைக்குப் போக வேண்டாம். பெயர் நீக்கிய கணக்கை வகுப்புக்கே காட்டுவோம்: சிரித்தோர் இத்தனை, ஒதுங்கியோர் இத்தனை, தடுத்தோர் இத்தனை. ஒருவனுக்கு அஞ்சும் நாற்பது பேர், தாம் நாற்பது பேர் என்று உணர்வதே துணிவின் முதற்பாடம்.

அந்தக் கணக்கில் ஆசிரியருக்கும் ஓர் இடம் இருக்கட்டும். சிரிப்பொலி கேட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்பவர் எந்த வகையினர்?