பத்துக் கன்றும் ஒரு வேம்பும்

தென் டெல்லியில் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி எழுப்ப, பல்லாயிரம் மரங்கள் வெட்டப்படவிருந்தன. 2018 ஜூனில் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றான சரோஜினி நகரில் மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மற்றொன்றான நௌரோஜி நகரின் மரங்களில் பல அதற்குள் விழுந்துவிட்டன.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்றார்கள் அரசுத் தரப்பில். என் மனம் இன்றும் அதை ஏற்கவில்லை. அந்த வட்டாரத்துக் குவார்ட்டர்ஸில்தான் எங்கள் குடும்பம் இருந்தது. வாசல் வேம்புக்கு ஆடி வெள்ளிதோறும் அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். வேறு ஏதோ இடத்தில் நடும் கன்று அந்த வேம்புக்கு எப்படி ஈடாகும்?

மரத்தை ஓரறிவு உயிர் என்று வகுத்தது தொல்காப்பியம். அறிவு ஒன்றே ஆனாலும் உயிர் உயிர்தான். செய்த பாவத்துக்கு வருந்திச் செய்வது பிராயச்சித்தம். செய்யப்போகும் கொலைக்கு முன்கூட்டியே விலை கட்டுவதை நம் மதங்களில் எது ஏற்கும்?

மனிதருக்கு வீடு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோயில் கட்டியவர்கள் தலவிருட்சத்துக்கு இடம் விட்டே மதில் எழுப்பினார்கள். 1994-ஆம் ஆண்டின் டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரியின் அனுமதி இருந்தால் மரத்தை வெட்டலாம். அந்த அனுமதிக்கு முன், கட்டடத்தை நகர்த்த முடியுமா என்ற கேள்விக்குப் பதில் வர வேண்டும். உங்கள் தெருவில் மரம் வெட்ட வந்தால், முதலில் வரைபடத்தைக் கேளுங்கள்.